நிம்மதிக் கட்டில்

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்பார்கள். தலைமாட்டை உயர்த்தி இறக்குகிற கட்டில் ஒன்று எங்காவது கிடைக்குமா என்று வேலு ஆம்பூர் பூராவும் அலைந்துகொண்டிருந்த வாரத்தில், கட்டிலே ஒரு வேனில் ஏறிக்கொண்டு அவன் வீட்டு வாசலில் வந்து இறங்கியது. அதன் பின்னாலேயே நான்கு துறைகளும் இறங்கின. தெய்வம் வந்தால் நாம் வரம் கேட்கலாம், துறை வந்தால் அது கேட்பதை நாம்தான் கொடுக்க வேண்டும் என்பது வேலுவுக்கு அப்போது தெரியாது.

கட்டில் அவனுக்கில்லை, அவன் மனைவி சவுரியம்மாளுக்கு. அவன் பெயர் முருகன் பெயர், அவள் பெயர் சவேரியார் பெயர். காதலித்துக் கட்டிக்கொண்டவர்கள். இரண்டு சாமி படமும் ஒரே அலமாரியில் தோளோடு தோள் உரசிக்கொண்டு நின்றன. அந்த வீட்டில் சண்டை வந்ததெல்லாம் தண்ணீர் பிடிப்பது யார் என்பதில்தான். அவன் தோல் பதனிடுகிற ஷாப்பில் டிரம் ஓட்டினான், அவள் ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் உட்கார்ந்தாள். அவன் ஊறவைத்த தோலை அவள் தைக்க, யாரோ வெள்ளைக்காரன் அதை மாட்டிக்கொண்டு பனியில் நடந்தான். ஆம்பூரில் பாதிக் குடும்பங்களின் கதை இதுதான்.

சவுரியம்மாளுக்கு மார்பில் வந்த கட்டி முதுகெலும்புக்குப் போய்விட்டது. இனிமேல் நோயைத் தீர்க்க வைத்தியம் இல்லை, வலியைத் தணிக்கத்தான் வைத்தியம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். வேலுவும் தன் வேலையை விட்டுவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். அவன் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுதான். இருக்கிற கொஞ்ச நாளில் அவள் ஒழுங்காகத் தூங்க வேண்டும்.

இப்போது அந்த நான்கு துறைகள். சத்துவாச்சாரியில், சென்னை போகிற நெடுஞ்சாலை மேல், கண்ணாடிச் சுவர் வைத்து ஒரு பலதுறை உயர்நிலை ஆய்வு மையம் இருந்தது. பொறியியல் ஒரு மாடி, எரிசக்தித் தொழில்நுட்பம் ஒரு மாடி, இயற்பியல் ஒரு மாடி. நான்காவதான வலி தணிப்புத் துறைக்கு இடம் போதாமல், மாடிப்படிக்குக் கீழே, குடிநீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டிருந்தார்கள். அந்த மேசையில் டாக்டர் சௌம்யா இருந்தார். தனித்தனியாக ஆராய்ச்சி செய்தால் நிதி கிடையாது, நான்கும் சேர்ந்து செய்தால் உண்டு என்று தில்லியிலிருந்து உத்தரவு வந்ததும், அதுவரை ஒரே லிஃப்டில் ஏறக்கூட மறுத்த நான்கு துறைகளும் ஒரே நாளில் உடன்பிறப்புகளாகிவிட்டன. பொறியியலிடம் ஒரு கட்டில் இருந்தது. இயற்பியலுக்கு அலைகள் வேண்டும். எரிசக்திக்கு ஓயாமல் அசைகிற ஏதாவது ஒன்று வேண்டும். சாகக் கிடப்பவர்கள் ஓயாமல் புரள்கிறார்கள் என்பதை முதலில் கவனித்தது எரிசக்தித் துறைதான்.

ஆஸ்பத்திரி கொடுத்த பட்டியலில் சவுரியம்மாளின் பெயர் இருந்தது. கட்டிலைப் பூட்ட வந்தவன் சதீஷ்குமார், ஒப்பந்த வேலையில் இருந்த இளம் இன்ஜினியர். நல்ல பையன். வேலுவுக்குப் பொறுமையாக விளக்கினான்.

"அம்மா புரண்டா மெத்தைக்கு அடியில இருக்கிற தகடு அழுந்தும் சார். அழுந்துனா கரண்ட் வரும். அந்தக் கரண்ட்ல இந்த ஃபேன் ஓடும். அவங்க காத்த அவங்களே தயார் பண்ணிக்கிறாங்க. எப்படி?"

தலைமாட்டில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு விசிறி இருந்தது.

"புரளலன்னா?" என்றான் வேலு.

"ஓடாது சார்."

"அப்போ வீட்டு லைன்ல ஒரு ஃபேன் போட்டுக்கறேன்."

"அது முடியாது சார். இந்த ரூம்ல வீட்டு லைனை எடுத்துடச் சொல்லியிருக்காங்க. டேட்டா சுத்தமா இருக்கணும்."

அக்கினி நட்சத்திரம் தொடங்கியிருந்தது. எங்கள் பக்கத்து வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, வெயில் என்றதும் ஊர் பெயரைச் சேர்த்துச் சொல்கிற அளவுக்கு அதற்குப் பேர் உண்டு. மேல் விசிறியைக் கழற்றிக்கொண்டிருந்த சதீஷ்குமாரைச் சவுரியம்மாள் படுத்தபடி பார்த்தாள்.

"கம்பெனியில தெச்சாத்தான் கூலி. இங்க புரண்டாத்தான் காத்து. பழகின வேலதான், வுடுய்யா," என்றாள் புருஷனிடம்.

தொடக்க விழா வேலுவின் வீட்டிலேயே நடந்தது. கட்டிலுக்குக் குறுக்கே ரிப்பன் கட்டினார்கள். அது சவுரியம்மாளின் மூக்குக்கு ஒரு சாண் மேலே போயிற்று. இயக்குநர் டாக்டர் ராமலிங்கம் கத்தரிக்கோலோடு குனிந்தபோது அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கால்மாட்டில் குத்துவிளக்கு வைத்தார்கள். ஒவ்வொரு முறை திரியைப் பற்றவைக்கும்போதும் அவள் வலியில் புரண்டாள், விசிறி ஓடியது, விளக்கு அணைந்தது.

"அம்மா, நாலு துறையும் ஏத்தி முடிக்கிற வரைக்கும் கொஞ்சம் அசையாம இருக்கணும். ஒத்துழைக்கணும்," என்றார் இயக்குநர்.

சவுரியம்மாள் ஒத்துழைத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு மரக்கட்டை மாதிரி கிடந்தாள். கண்ணோரம் வழிந்த தண்ணீர் காதுக்குள் போயிற்று. "ஆனந்தக் கண்ணீர்," என்று இயற்பியல் துறைத் தலைவியான மேடம் பக்கத்தில் இருந்தவரிடம் மெல்லச் சொன்னார்.

பிறகு பேச்சு. எரிசக்தித் துறைப் பேராசிரியர் கார்முகிலன் நல்ல மேடைப் பேச்சாளர். படுக்கையறை என்பதற்காக அவர் குரலைக் குறைக்கவில்லை.

"சூரியன் மாலையில் மறைந்துவிடுகிறது. காற்று ஆறு மாதம் வீசுவதில்லை. நிலக்கரி தீர்ந்துகொண்டே வருகிறது. ஆனால் அன்பர்களே, நோயாளிகள் மட்டும் நம்மிடம் எப்போதும் இருக்கிறார்கள்! ஒருவர் போனால் இன்னொருவர் வருகிறார். இதைவிடப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் எது?"

எல்லோரும் கை தட்டினார்கள். டாக்டர் ராமலிங்கம் அதற்கும் மேலே போனார். "இத்தனை காலமும் மரணம் நாட்டுக்கு ஓர் இழப்பாக மட்டுமே இருந்தது. அதிலிருந்து நாடு எதையும் பெற்றதில்லை. அந்தக் குறையை இன்று நாம் நீக்குகிறோம்," என்றார். கடைசியில் பொன்னாடை போர்த்தினார்கள். பொன்னாடை கட்டிலுக்கு. கட்டிலில் ஆள் இருந்ததால் அவள் மேலும் சேர்ந்து விழுந்தது. அந்த வெயிலில், அந்த ஜரிகைத் துணிக்குள்ளிருந்து அவளை வெளியே எடுக்க வேலு நன்றியுரை முடியும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

டாக்டர் சௌம்யா வாரா வாரம் வந்தார். கழுத்தில் மையத்தின் அடையாள அட்டை தொங்க, கையில் இன்னோர் அட்டை வைத்திருப்பார். அதில் சிரிக்கிற முகத்திலிருந்து அழுகிற முகம் வரை வரிசையாக முகங்கள் வரைந்திருக்கும். எந்த முகம் மாதிரி வலி இருக்கிறது என்று நோயாளி தொட்டுக் காட்ட வேண்டும். அதைப் பார்த்துத்தான் மார்ஃபின் மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும். சவுரியம்மாள் ஒவ்வொரு முறையும் முதல் முகத்தைத் தொட்டாள். வாய் நிறையச் சிரிக்கிற முகம்.

"ஒண்ணும் குறை இல்ல மேடம். எல்லாம் நல்லா இருக்குது."

சொல்லிவிட்டு அவளும் அந்த முகம் மாதிரியே சிரிப்பாள். பக்கத்தில் நிற்கிற வேலுவுக்குத் தூக்கிவாரிப்போடும். அதற்கு முந்தின நிமிஷம்தான் அவன் கையைக் கடித்துக்கொண்டு முனகியிருப்பாள்.

அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று ஆம்பூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம், மற்றவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஷூ கம்பெனிகளுக்கு, சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர்கள் அனுப்புகிற ஆடிட் வரும். தொழிலாளிகளை நன்றாக நடத்துகிறார்களா என்று பார்க்க, கழுத்தில் அட்டை தொங்க ஆட்கள் வந்து நிற்பார்கள். அதற்கு முந்தின நாள் சுவரில் வெள்ளை அடித்திருக்கும், கழிப்பறையில் புதுச் சோப்பு இருக்கும், எல்லோருக்கும் பதிலும் சொல்லிக்கொடுத்திருக்கும். தண்ணி கிடைக்குதா? கிடைக்குது சார். ஓவர்டைம் கட்டாயமா? இல்ல சார். குறை ஏதாவது? ஒண்ணும் குறை இல்ல சார், எல்லாம் நல்லா இருக்குது. சவுரியம்மாள் வேலை பார்த்த கம்பெனியில் ஆடிட் வந்தால் அவளைத்தான் முன்வரிசை மிஷினில் உட்காரவைப்பார்கள். அவள் சொன்னால் யாரும் நம்புவார்கள், அப்படி ஒரு முகம்.

ஒரே ஒரு முறை கவிப்ரியா என்ற புதுப் பெண், விரலில் ஊசி இறங்கியதையும் கட்டுப்போட ஆள் இல்லாததையும் ஆடிட்காரரிடம் அப்படியே சொல்லிவிட்டாள். பையர் ஆர்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவள் இருந்த தையல் லைனையே மூடினார்கள். எத்தனையோ வீட்டில் அடுப்பு எரியவில்லை. கவிப்ரியா மேல் யாரும் கோபப்படவில்லை, யாரும் அவளோடு பேசவும் இல்லை. அவள் குடியாத்தத்துக்குத் தீப்பெட்டி ஒட்டப் போய்விட்டாள். அதற்குப் பிறகு சவுரியம்மாளின் சிரிப்பு இன்னும் கொஞ்சம் அகலமாயிற்று.

ஆய்வு மையத்தில் யாருக்கும் இந்தக் கதை தெரியாது. அவர்களிடம் இருந்தது இரண்டு உண்மைகள். ஒன்று, நோயாளிக்கு வலி இல்லை, அவரே சொல்கிறார். இரண்டு, திட்டத்தில் இருந்த வேறு எந்தக் கட்டிலும் தராத மின்சாரத்தை அவர் கட்டில் தருகிறது. வலி பூஜ்யம், அசைவு ஏராளம். இதற்கு என்ன அர்த்தம்? நான்கு துறைகளும் குளிரூட்டிய அறையில் ஒரு நாள் முழுக்க யோசித்து, நிம்மதி அதிகமானால் மனிதன் உற்சாகத்தில் புரள்கிறான் என்று கண்டுபிடித்தார்கள். அதற்கு 'நிம்மதி ஆற்றல்' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். மாடிப்படிக்குக் கீழே இருந்த துறை கை தூக்கியது. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்கள்.

வலி பூஜ்யம் என்பதால் விதிப்படி மாத்திரையைக் குறைத்தார்கள். மாத்திரை குறைந்ததால் அவள் இன்னும் புரண்டாள். மின்சாரம் கூடியது. நிம்மதியும் கூடிவிட்டதாகக் கட்டுரை எழுதினார்கள்.

வேலு பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் பஸ் ஏறி சத்துவாச்சாரிக்குப் போனான். இயக்குநர் அவனை உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். மரியாதைக்கு அங்கே குறைவே இல்லை.

"அவளுக்கு வலிக்குது சார். துடிக்கிறா. உங்காளுங்க வந்தா மட்டும் இல்லன்றா," என்றான் வேலு.

டாக்டர் ராமலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மிஸ்டர் வேலு, நோயாளியின் அனுபவம் நோயாளிக்கே சொந்தம். கணவர் சொல்றது வெறும் செவிவழிச் செய்தி. காலங்காலமா பெண்களுக்காக ஆண்களே பேசிட்டாங்க. நாங்க அப்படி இல்ல. பெண்ணோட குரலை மதிக்கிறவங்க நாங்க. உங்க மனைவி பேசட்டும், நீங்க தயவுசெஞ்சு பேசாதீங்க."

வேலுவுக்கு அதில் எங்கே தப்பு என்று பிடிபடவில்லை. எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. டீயைக் குடித்துவிட்டு எழுந்தான்.

"இன்னொண்ணு," என்றார் இயக்குநர். "உங்க ரூம்ல வெளிக்காத்து வருதுன்னு இயற்பியல் துறை கண்டுபிடிச்சிருக்காங்க. அது டேட்டாவைக் கெடுக்குது. என்னன்னு பாருங்க."

அது வெளிக்காற்று இல்லை. வேலு ஒரு ஷூ பெட்டியின் அட்டை மூடியால் பெண்டாட்டிக்கு வீசிக்கொண்டிருந்தான். அவள் அசந்து கண்ணயர்ந்தால் கட்டில் அடங்கிவிடும், விசிறி நின்றுவிடும், வெயில் அவளை எழுப்பிவிடும். எழுந்தால் வலி, வலியில் புரண்டால் காற்று. அந்தக் கண்ணயர்ந்த நேரத்தை இன்னும் கொஞ்சம் நீட்டத்தான் அவன் மூடியை எடுத்தான். இயக்குநர் சொன்ன பிறகு அதைத் தலையணைக்கு அடியில் ஒளித்துவைத்து, ஆள் இல்லாத நேரம் பார்த்து வீசினான். கட்டின பெண்டாட்டிக்குத் திருட்டுத்தனமாகக் காற்று வீசிய புருஷன் இந்த உலகத்தில் அவன் ஒருத்தனாகத்தான் இருப்பான்.

தில்லியிலிருந்து மதிப்பீட்டுக் குழு வரப்போகிறது என்று செய்தி வந்தது. பக்கத்து வீட்டுக் கௌசர் கஞ்சி கொண்டுவந்திருந்தாள். அவளும் சவுரியம்மாளும் ஒரே லைனில் பக்கத்துப் பக்கத்து மிஷின். வேலுவும் கௌசரும் சேர்ந்து சவுரியம்மாளைப் பிடித்துக்கொண்டார்கள்.

"ஏன்டி இப்படிப் பொய் சொல்ற? வலிக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லு. மாத்திர தருவாங்க," என்றான் வேலு. சொல்லும்போதே அவன் குரல் உடைந்தது.

"சொன்னா இன்னா ஆவும்? கட்டில எடுத்துக்கினு பூடுவாங்க. அந்த சதீஷ் புள்ளைக்கு வேல பூடும். அதுக்கு இப்பத்தான் கொழந்த பொறந்துக்குது. கவிப்ரியா சொன்னப்ப இன்னா ஆச்சு, மறந்துட்டியா கௌசர்?"

"அது கம்பெனி, அக்கா. இது ஒடம்பு," என்றாள் கௌசர்.

"கழுத்துல அட்ட மாட்டிக்கினு வர்றவங்க எல்லாம் ஒண்ணுதான்டி. அவங்க வந்து நின்னா என் வாய் தானா சிரிக்குது. நான் இன்னா பண்ணட்டும்?"

வேலு அவள் காலைப் பிடித்துக்கொண்டான். அவளால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "சரிய்யா, அழுவாத. தில்லிக்காரங்ககிட்ட சொல்லிடறேன். அவங்கதான் பெரியவங்க, அவங்ககிட்ட சொன்னா நாயம் கெடைக்கும்," என்றாள்.

குழு வருவதற்கு முந்தின நாள் மையத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். அறைச் சுவருக்கு வெள்ளை அடித்தார்கள். போகும்போது குளியலறையில் ஒரு புதுச் சோப்பு வைத்துவிட்டுப் போனார்கள். அதன் வாசனை அறைக்குள் வந்ததும் சவுரியம்மாள் மூக்கை உயர்த்தி மோந்தாள். அவள் முகம் மெல்ல மாறுவதை வேலு பார்த்தான்.

மறுநாள் குழு வந்தது. கோட்டு போட்டவர்கள், கழுத்தில் அட்டைகள், கட்டிலைச் சுற்றி அரை வட்டம். கார்முகிலன் சுவரில் ஒரு திரையைத் தொங்கவிட்டு, மலைத்தொடர் மாதிரி ஏறி இறங்கிய கோடுகளைக் காட்டினார். இயற்பியல் மேடம் அந்தச் சிகரங்களின் உயரத்தைச் சொன்னார். ஒவ்வொரு சிகரமும் அவள் எந்தப் பகலில் துடித்தது என்று வேலுவுக்குத் தெரியும். குழுத் தலைவர் கட்டில் பக்கம் குனிந்து ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். இயக்குநர் தமிழில் சொன்னார். "அம்மா, உங்களுக்கு வலி எப்படி இருக்குன்னு கேக்கறாரு."

சவுரியம்மாள் வேலுவைப் பார்த்தாள். சொல்லத்தான் வாயைத் திறந்தாள், அது எனக்கு நிச்சயம். அப்புறம் அந்த அரை வட்டத்தைப் பார்த்தாள், அட்டைகளைப் பார்த்தாள், பின்னால் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்ற சதீஷ்குமாரைப் பார்த்தாள்.

"ஒண்ணும் குறை இல்ல சார். எல்லாம் நல்லா இருக்குது. தண்ணி, காத்து, எல்லாம் டைமுக்குக் கெடைக்குது."

சொல்லும்போது அவள் உடம்பு கட்டிலில் முறுக்கிக்கொண்டிருந்தது. விசிறி அப்படி ஓடியது, குழுத் தலைவரின் டை பறந்தது. அவர் முகத்தில் அந்தக் காற்றை வாங்கிக்கொண்டு, "வொண்டர்ஃபுல்," என்றார். எல்லோரும் கை தட்டினார்கள்.

"பொய் சார்!" வேலு கத்திவிட்டான். "அவ பொய் சொல்றா சார். உயிர் போற மாதிரி வலிக்குது சார் அவளுக்கு!"

டாக்டர் ராமலிங்கம் கோபப்படவில்லை. வேலுவின் தோளில் கை போட்டுக்கொண்டு குழுவிடம் திரும்பினார். "பராமரிப்பவருக்கு வருகிற மனச்சோர்வு. மிகவும் இயல்பானது. இதற்கென்றே தனியாக ஒரு திட்டம் அனுப்பியிருக்கிறோம். இவர்கள் அறைக்குள் நிலைகொள்ளாமல் நடக்கிறார்கள் அல்லவா, அந்தத் தரையிலிருந்தும் கொஞ்சம் மின்சாரம் எடுக்க முடியும்." குழுத் தலைவர் அதைக் குறித்துக்கொண்டார்.

கார்கள் போயின. சாயந்திரம், வெயில் தாழ்ந்த பிறகு, டாக்டர் சௌம்யா மட்டும் ஸ்கூட்டரில் தனியாகத் திரும்பி வந்தார். வாசலிலேயே கழுத்து அட்டையைக் கழற்றிப் பையில் போட்டார். அன்று முகங்கள் வரைந்த அட்டையும் கொண்டுவரவில்லை. கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சவுரியம்மாளின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். எதுவும் கேட்கவில்லை.

சவுரியம்மாள் கதவுப் பக்கம் பார்த்தாள். "வண்டியெல்லாம் போச்சா?"

"போயிடுச்சும்மா."

"ஆடிட் முடிஞ்சுதா?"

டாக்டருக்குப் புரியவில்லை, வேலுவைப் பார்த்தார். வேலுவுக்குப் புரிந்தது. கம்பெனியிலும் அப்படித்தான். ஆடிட்காரர் கார் கேட்டைத் தாண்டிய பிறகுதான் பெண்கள் முகமூடியைக் கழற்றுவார்கள், தண்ணீருக்குச் சண்டை போடுவார்கள், கை வலிக்கிறது என்பார்கள்.

"முடிஞ்சுது சவுரி. எல்லாரும் பூட்டாங்க," என்றான்.

"அப்போ சொல்றேன். முதுகுல இரும்பக் காச்சி வெக்கிற மாதிரி இருக்குது மேடம். புள்ள பெத்தப்பக் கூட இப்படி இல்ல. என்னால முடில. முடில மேடம்." அவள் ஓவென்று அழுதாள். கட்டில் வந்த நாளிலிருந்து அவள் சத்தம் போட்டு அழுதது அதுதான் முதல் தடவை.

"ஏம்மா இத்தனை நாள் என்கிட்ட சொல்லல?" என்று கேட்ட டாக்டருக்கும் கண் கலங்கியிருந்தது.

"நீங்க அட்ட மாட்டிக்கினு இருந்தீங்களே மேடம்."

திட்டத்திலிருந்து ஒரு நோயாளியை விடுவிக்க நான்கு துறைகளும் சம்மதிக்க வேண்டும். மாடிப்படிக்குக் கீழே இருந்த துறை உடனே சம்மதித்தது. மற்ற மூன்றும் பரிசீலனை செய்துகொண்டிருந்தன. டாக்டர் சௌம்யா காத்திருக்கவில்லை. தான் முன்பு வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலிருந்து மார்ஃபினை முறைப்படி வாங்கி, தானே வந்து கொடுத்தார். கட்டில் மட்டும் பரிசீலனை முடியாததால் அங்கேயே இருந்தது.

சவுரியம்மாள் தூங்கினாள். முகத்தில் சுளிப்பு இல்லாமல், வாய் லேசாகத் திறந்து, குறட்டையோடு தூங்கினாள். விசிறி அசையாமல் நின்றது. வேலு ஷூ பெட்டி மூடியைத் தலையணைக்கு அடியிலிருந்து வெளியே எடுத்து, திருட்டுத்தனம் இல்லாமல், தோள் வலிக்க வலிக்க வீசினான். விழித்திருந்த நேரத்தில் அவள் கௌசரின் கஞ்சியைக் குடித்தாள், தண்ணீர் பிடிக்கிற சண்டையில் தான்தான் ஜெயித்ததாக வாதாடினாள். அந்தச் சில நாட்கள் அந்த வீட்டில் நல்ல நாட்கள். இதையே முதலிலிருந்து கொடுத்திருக்கலாம் என்று நினைக்கும்போது வயிறு எரிகிறது.

சத்துவாச்சாரியில் அமளி. திரையில் கோடு தரையோடு தரையாகப் படுத்துவிட்டது. கட்டில் ரிப்பேர் என்று சதீஷ்குமாரை அனுப்பினார்கள். அவன் வந்து பார்த்தான், தூங்குகிறவளைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றான், பிறகு மெதுவான குரலில் போனில் பேசினான்.

"ரிப்பேர் இல்ல சார். அம்மா தூங்குறாங்க."

"எழுப்பிப் பார்த்தியா?" என்ற கார்முகிலனின் குரல் வேலுவுக்கே கேட்டது.

"ஹலோ... சார்... சிக்னல் இல்ல சார்," என்று சொல்லிவிட்டு சதீஷ்குமார் போனை அணைத்துப் பையில் போட்டான். வேலுவின் கையிலிருந்த மூடியை வாங்கி, அவன் சாப்பிட்டுவிட்டு வரும்வரை வீசிக்கொண்டிருந்தான்.

ஒரு காலையில் தூக்கத்திலேயே அவள் போய்விட்டாள். வேலு அது தெரியாமல் வெகு நேரம் வீசிக்கொண்டிருந்தான்.

ரயில்வே மாப்பிள்ளையோடு வடக்கே மாற்றலாகிப் போயிருந்த மகள் கிறிஸ்டினா வந்து சேர மறுநாள் ஆகும். அதுவரை உடலை வைக்க ஐஸ் பெட்டி கொண்டுவந்தார்கள். அந்தச் சின்ன அறையில் வேறு இடம் இல்லாததால் பெட்டியைக் கட்டில் மேலேயே ஏற்றினார்கள். அந்த அறையில்தான் கரண்ட் கிடையாதே, கௌசர் வீட்டிலிருந்து வயர் இழுத்து பெட்டியை ஓடவிட்டார்கள். பெட்டியின் மோட்டார் ம்ம்ம் என்று உறுமியது. பெட்டி அதிர்ந்தது, பெட்டியோடு கட்டிலும் விடாமல் அதிர்ந்தது. செத்துக் கிடந்த விசிறி உயிர் பெற்று, அவள் இருந்தவரை ஒரு நாளும் ஓடாத வேகத்தில், ஒரே சீராக ஓடத் தொடங்கியது. பழைய லைன் பெண்கள் சுற்றி உட்கார்ந்து அழுதார்கள். மாலைகளின் இதழ்கள் காற்றில் பறந்து அவர்கள் தலையில் விழுந்தன.

"அத நிறுத்துண்ணா. பாக்க முடில," என்றாள் கௌசர்.

வேலு விசிறியைத் தடவிப் பார்த்தான். அதில் சுவிட்ச் இல்லை. புரளுவதை நிறுத்தினால் நிற்கும் என்று மட்டும்தான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

மறுநாள் மகள் வந்தாள், அடக்கம் முடிந்தது, ஐஸ் பெட்டி போயிற்று. அதற்கு அடுத்த நாள் வேன் வந்து கட்டிலைக் கழற்றிக்கொண்டு போனது. மையத்தின் கணக்கில் சவுரியம்மாள் இறந்தது அன்றைக்குத்தான். கட்டில் வீட்டில் இருக்கும்வரை நோயாளியும் இருக்கிறார் என்பது திட்டத்தின் விதி.

சில மாதம் கழித்து சத்துவாச்சாரியில் வெற்றி விழா. வேலுவைக் கார் அனுப்பிக் கூப்பிட்டார்கள். போக வேண்டாம் என்றுதான் இருந்தான். கௌசர்தான், "போண்ணா. போய் நடந்தத மைக்ல சொல்லு. இன்னும் யார் யார் வூட்டுக்கு அந்தக் கட்டில் போவுதோ," என்று அனுப்பினாள்.

மாடிப்படிக்குக் கீழே பார்த்தான். டாக்டர் சௌம்யா இல்லை. அவர் மேசை இருந்த இடத்தில் இரண்டாவது குடிநீர் இயந்திரம் நின்றது.

மேடையில் பெரிய திரை. சவுரியம்மாளின் கோடு அதில் ஏறி இறங்கியது, பிறகு தரையோடு படுத்தது. கடைசியில் திடீரென்று உச்சிக்குப் போய், நூல் பிடித்த மாதிரி ஒரே சீராக ஓடியது. இயற்பியல் மேடத்துக்குக் குரல் தழுதழுத்தது.

"ஆரம்பத்தில் கரடுமுரடான அலைகள். பிறகு ஆழ்ந்த ஓய்வு. அதன் பிறகு இதோ, தியானத்தில் முனிவர்களுக்குக்கூட வாய்க்காத சீரான அலை. ஒரு பகல், ஓர் இரவு, இம்மியும் பிசகவில்லை. மனித உடலிலிருந்து இப்படி ஓர் அலை வெளிப்பட்டதே இல்லை. இதற்கு 'சவுரி அலை' என்று பெயர் சூட்டியிருக்கிறோம்."

டாக்டர் ராமலிங்கம் எழுந்தார். "உலகத்தின் முதல் முழுமையான நிம்மதியை நாம் அளந்துவிட்டோம். இனி இது ஓர் ஏழைத் தொழிலாளியின் வீட்டோடு நிற்காது. மாவட்டம்தோறும் கட்டில்கள் போகும்." பிறகு திரையில் அந்தச் சீரான கோட்டைக் காட்டி, வேலுவின் கையில் மைக்கைக் கொடுத்தார். "திரு. வேலு, இந்த நாள் நீங்க அவங்க பக்கத்துலயே இருந்தீங்க. சொல்லுங்க, இந்த ஒரு நாள் அவங்களுக்கு வலி எப்படி இருந்துச்சு?"

வேலு திரையைப் பார்த்தான். அந்தக் கோட்டை அவனுக்குத் தெரியும். அதன் சத்தம்கூட அவன் காதில் இருந்தது. கீழே வரிசை வரிசையாக முகங்கள், எல்லோர் கழுத்திலும் அட்டை. கடைசி வரிசையில் சதீஷ்குமார் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். வேலுவின் வாய் தானாகச் சிரிக்கப் பார்த்தது. அவன் அதை அடக்கிக்கொண்டு, கேட்ட கேள்விக்கு உள்ளதை உள்ளபடி சொன்னான்.

"அன்னிக்கு அவளுக்கு ஒரு வலியும் இல்ல சார்."

அரங்கமே எழுந்து நின்று கை தட்டியது. "அன்னிக்கு அவ ஐஸ் பெட்டியில இருந்தா சார்," என்று வேலு அடுத்ததையும் சொன்னான். கைதட்டலில் அவனுக்கே அது கேட்கவில்லை. மைக்கை அவன் கையிலிருந்து பணிவோடு வாங்கிக்கொண்டு, பொன்னாடை போர்த்தி, நினைவுப் பரிசாக அந்த விசிறியையே கொடுத்து, படியிறக்கிவிட்டார்கள்.

திரும்பிப் போகக் கார் இல்லை. பஸ்ஸில் வந்து இறங்கியபோது கௌசர் வாசலில் நின்றிருந்தாள். அவன் கையிலிருந்த விசிறியைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னாண்ணா, உண்மையச் சொன்னியா?"

"சொன்னேன்மா."

"அதுக்கு இன்னா சொன்னாங்க?"

"கை தட்டினாங்க," என்றான் வேலு.